கடைசி இருக்கையில் கேட்காத வினைச்சொல்: பொதுநிலை வழிபாட்டுப் பணியாளரைத் தயாரித்த ஒரு பங்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அந்தக் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில்) வார இறுதியில் மூன்று திருப்பலிகள் (பூசைகள்) நடைபெறும். அருள்பணியாளர் (குரு) ஒருவரே; அவரே பங்குத்தந்தை. திருவழிபாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளனாக நான் பொறுப்பேற்றபோது என் கைக்கு வந்தது ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும்தான்: திருப்பலியில் விவிலியப் பகுதியை வாசிக்கும் வாசகர்கள் 18 பேர், நற்கருணை (கிறிஸ்துவின் உடலாக அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வழங்குவோர் 9 பேர், பீடத்தில் உதவும் சிறுவர் சிறுமியரை வழிநடத்துவோர் 3 பேர். பொதுநிலையினரான, அதாவது அருள்பணியாளர் அல்லாத, இவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், எப்போது பயிற்சி பெற்றார்கள், இன்னும் தொடர விரும்புகிறார்களா என்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். வாசகர்கள் பெரும்பாலும் "நன்றாகப் படிப்பார்" என்று யாரோ சொன்னதால் சேர்க்கப்பட்டவர்கள். நற்கருணை வழங்குவோர், பங்குக்காகப் பல ஆண்டுகள் உழைத்ததற்கு மரியாதையாகச் சேர்க்கப்பட்டவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அரைநாள் வகுப்பு உண்டு. எங்கே நிற்பது, எப்போது தலைவணங்குவது, எந்த வழியாக இறங்குவது என்பதோடு அது முடிந்துவிடும்.

அந்த வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனத்திலிருந்து 29ஆம் பத்தி வாசிக்கப்படும். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான அந்தச் சாசனம் பீடப்பணியாளரும் வாசகரும் பாடகர் குழுவினரும் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்கிறது. அதனாலேயே அவர்கள் திருவழிபாட்டின் உணர்வில் ஊறியிருக்க வேண்டும், தம் பணியை ஒழுங்காக ஆற்றப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நாங்கள் அந்தப் பத்தியின் முதற்பாதியைச் சொல்லித் தன்னார்வலர்களைப் பாராட்டினோம். இரண்டாம் பாதியை வாசித்துவிட்டுக் கடந்து போனோம்.

தூய ஆவியார் பெருவிழா

பெந்தக்கோஸ்து என்றும் சொல்லப்படும் அந்த நாளில் இரண்டாம் திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவர் வரவில்லை. திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, திருப்பொருள் அறை (வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறை) வாயிலைக் கடந்துபோன ஒரு பெண்மணியை நிறுத்தி, "இன்று நீங்கள் வாசியுங்கள் அம்மா" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தோம். அவரும் பட்டியலில் இருந்த வாசகர்தான். ஆனால் ஆண்டின் பொதுக்காலத்தில், அதாவது சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்களில், எப்போதாவது வாசிப்பவர். கொடுத்தவன் நானே என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அந்தப் பெருவிழாவின் முதல் வாசகம் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றுதான்: திருத்தூதர் பணிகள் 2:1-11. அதன் கடைசிப் பகுதி நாடுகளின் பெயர்களால் ஆனது. பார்த்தர், மேதியர், எலாமியர் என்பவற்றை அவர் கடந்துவிட்டார். கப்பதோக்கியாவில் தடுமாறினார். பிரிகியா, பம்பிலியா என்ற இரண்டும் ஒன்றாகக் கலந்தன. திரும்பச் சொல்ல முயன்றார். அப்போது பாடகர் குழுவின் பக்கத்திலிருந்து இளையோர் சிலரின் சிரிப்பு கேட்டது. ஒலிவாங்கி அருகில் இருந்ததால் அதுவும் எல்லார் காதிலும் விழுந்தது. வாசகத்தை முடிக்கும் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்ற சொற்களைச் சொல்லாமலே அவர் இறங்கி வந்தார். சபை பதில் சொல்லக் காத்திருந்து, பிறகு அமைதியானது.

திருப்பலி முடிந்ததும் அவரைத் தேடினேன். நற்கருணை வாங்கிய கையோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் பட்டியலிலிருந்து தம் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஆறு ஞாயிறுகளில் கண்டது

பங்குத்தந்தை உடனே ஒரு வகுப்பு வைக்கலாம் என்றார். அதற்குமுன் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆறு வாரம் தாருங்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் வேறுவேறு திருப்பலிக்குப் போய்க் கடைசி இருக்கையில் அமர்ந்தேன். கையில் வாசக நூல் வைத்துக்கொள்ளவில்லை. காதில் விழுந்ததை மட்டும் வீட்டுக்கு வந்து எழுதினேன்.

நான் எதிர்பார்த்தது உச்சரிப்புப் பிழைகளை. அவை குறைவாகவே இருந்தன. பெரிய குறை வேறோர் இடத்தில் இருந்தது. ஏறத்தாழ எல்லா வாசகரும் வாக்கியத்தின் தொடக்கத்தை உரக்கத் தொடங்கி, முடிவில் குரலைத் தாழ்த்திவிட்டார்கள். தமிழில் வினை வருவது வாக்கியத்தின் கடைசியில். செய்தாரா செய்யவில்லையா, முடியுமா முடியாதா என்பது அந்தக் கடைசிச் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. உரோமையர் திருமுகத்தின் எட்டாம் அதிகார முடிவில் புனித பவுல் சாவு, வாழ்வு, வானதூதர், ஆட்சியாளர், உயரம், ஆழம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றுள் எதுவும் கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க "முடியாது" என்று முடிக்கிறார். அந்த ஒரு வாரம் எனக்கு அடுக்கு முழுவதும் கேட்டது. "முடியாது" கேட்கவில்லை. அச்சமூட்டும் சக்திகளின் பட்டியல் ஒன்றை மட்டும் சபை கேட்டுவிட்டு, "இறைவா, உமக்கு நன்றி" என்று பதில் சொன்னது.

வாசகத்துக்கு மேலே சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும் மையக்கருத்து வரி வாசகரின் கண்ணுக்கானது. அதையும் சேர்த்துச் சிலர் வாசித்தார்கள். வாசகத்தின் கடைசிச் சொல்லுக்கும் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பதற்கும் இடையில் மூச்சுவிடும் நேரம்கூட இல்லை. வாசகம் முடிந்தபின் சிறிது அமைதி காக்கும்படி திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் கேட்கின்றன; எங்கள் பங்கில் அந்த இடத்தை அடுத்தவர் நடந்துவரும் காலடி ஓசை நிரப்பியது.

நான்காம் ஞாயிறு, நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து ஓர் அப்பம் தரையில் விழுந்தது. அவர் உறைந்து நின்றார். வரிசையில் நின்ற ஒருவர் குனிந்தார், இன்னொருவர் பின்வாங்கினார். எடுப்பதா, யாரை அழைப்பது, எடுத்தபின் என்ன செய்வது என்று அவருக்கு ஒருபோதும் சொல்லித்தரப்படவில்லை. மறுநாள் அவரைச் சந்தித்தபோது, "இரவெல்லாம் தூங்கவில்லை, பாவம் செய்துவிட்டேனா?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளாக நற்கருணை வழங்கிவந்தவர் கேட்ட கேள்வி அது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அரைநாள் வகுப்பை நிறுத்தினோம். வகுப்பில் கேட்பது நினைவில் தங்காது என்பது ஒரு காரணம். அதைவிட, வகுப்பில் யாரும் வாசிப்பதில்லை. யாரும் கேட்பதுமில்லை.

அதற்குப் பதிலாக வாசகர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தோம். ஒவ்வொரு குழுவும் தான் வாசிக்க வேண்டிய ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை மாலை கோவிலிலேயே கூடும். முதலில் வாசகத்தை ஒவ்வொருவரும் மௌனமாகப் படிப்பார்கள். பிறகு யார், யாரிடம், எந்த நெருக்கடியில் பேசுகிறார் என்று பேசுவார்கள். இறைவாக்கினர் எசாயாவின் ஒரு பகுதி நாடுகடத்தப்பட்ட மக்களுக்குச் சொன்ன ஆறுதல் என்று தெரிந்தவரின் குரல் தானாக மாறும். அதற்குத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை. அதன்பின் இருவர் வாசக மேடையிலிருந்து ஒலிவாங்கியில் வாசிப்பார்கள், மற்ற இருவர் கடைசி இருக்கையில் புத்தகம் இல்லாமல் கேட்பார்கள். கேட்டவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தச் சொல் வந்து சேரவில்லை. நன்றாக இருந்தது, இல்லை என்ற மதிப்பீட்டைத் தடைசெய்தோம். பெந்தக்கோஸ்து நாளின் சிரிப்புக்குப் பிறகு, தீர்ப்புக்கு அஞ்சும் யாரையும் அந்த மேடையில் ஏற்ற முடியாது என்று எனக்குத் தோன்றியது.

நற்கருணை வழங்குவோருக்குத் தனிப் பயிற்சி வைத்தோம். இங்கே முதலில் திருத்த வேண்டியிருந்தது மனநிலை. திருச்சபைச் சட்டத்தின் 910ஆம் எண்படி, ஆயரும் அருள்பணியாளரும் திருத்தொண்டருமே நற்கருணையின் வழமையான பணியாளர்கள். பொதுநிலையினர் தேவை எழும்போது துணைக்கு அழைக்கப்படுகிறவர்கள். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வெளியான அறிவுரை இந்த வாயிலைத் திறந்ததே, போதிய பணியாளர் இல்லாததால் நோயாளரும் மக்களும் நற்கருணை இன்றி இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இதைப் பங்குத்தந்தை எளிய சொற்களில் விளக்கியபோது, மரியாதைக்காகப் பட்டியலில் இருந்த இருவர் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். மனவருத்தம் இல்லாமல் விலகினார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது.

எவரையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை, ஆனால் பயிற்சிக்கு வராதவருக்கு முறை ஒதுக்குவதில்லை என்பதும் முடிவாயிற்று. இதை அறிவிக்க ஆகஸ்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரியான கடிதம் அனுப்பினோம். கடிதத்தை எழுதியவன் நான்.

பயிற்சி நடந்த விதம்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை புதன்கிழமைகள் தொடர்ந்தன. முதல் மாதம் கடினமாக இருந்தது. வெறுமையான கோவிலில் குரல் முழங்கி எதிரொலிக்கும். ஞாயிறன்று மக்கள் நிறைந்ததும் அதே குரல் மங்கிவிடும், ஏனெனில் மனித உடல்கள் ஒலியை உறிஞ்சுகின்றன. புதன்கிழமை பழகிய வேகத்தையும் உரப்பையும் ஞாயிறன்று அப்படியே கொண்டுவந்தவர்கள் குழம்பினார்கள். எனவே ஞாயிறு திருப்பலியின்போதும் குழுவில் ஒருவர் கடைசி இருக்கையில் அமர்வது என்று மாற்றினோம்.

வினைச்சொல் பயிற்சி எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பலன் தந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லின் கீழும் பென்சிலால் கோடிடச் சொன்னோம், வாசக நூலில் அன்றி நகலில். அந்தச் சொல்லுக்குப் போதிய மூச்சு மிஞ்ச வேண்டும். நீண்ட வாக்கியத்தில் மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் குறித்தோம். கல்லூரி மாணவர் ஒருவர், "எனக்கு வாசிக்கத் தெரியும் என்றுதான் நினைத்தேன், மூச்சுவிடத் தெரியாது என்பது இப்போதுதான் தெரிகிறது அண்ணா" என்றார்.

நற்கருணைப் பயிற்சியை அர்ச்சிக்கப்படாத அப்பங்களைக் கொண்டு நடத்தினோம். கையில் வாங்குவோர், நாவில் வாங்குவோர், கைக்குழந்தையுடன் வருவோர், நடுங்கும் கையோடு வரும் முதியோர் என எல்லாருக்கும் கொடுத்துப் பழகினார்கள். முகத்தைப் பார்த்து "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லி, "ஆமென்" என்ற பதிலைக் கேட்டபின் கொடுப்பது எளிதாகத் தோன்றும். நீண்ட வரிசையில் பலர் அந்த "ஆமென்" வருமுன்பே கையை நீட்டிவிட்டார்கள். அருள்பணியாளர் நற்கருணை உட்கொண்ட பிறகே பீடத்தை அணுகுவது, பாத்திரத்தை அவர் கையிலிருந்தே பெறுவது, முடிந்ததும் பாத்திரங்களைத் தூய்மைப்படுத்துவதை அவரிடமே விட்டுவிடுவது ஆகியவற்றையும் நடந்து பார்த்தோம்.

பிறகு ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே ஓர் அப்பத்தைக் கீழே போடச் சொன்னோம். சிலருக்குக் கை வரவில்லை. அர்ச்சிக்கப்படாதது என்று தெரிந்தும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பதற்றமின்றி நின்று, வரிசையைக் கையசைத்து நிறுத்தி, குனிந்து மரியாதையோடு எடுத்து, தனியே வைத்து, திருப்பலிக்குப் பின் அருள்பணியாளரிடம் ஒப்படைப்பது என்ற ஒழுங்கைப் பலமுறை செய்தோம். அர்ச்சிக்கப்பட்ட திராட்சை இரசமாகிய திரு இரத்தம் சிந்தினால் அந்த இடத்தை நீரால் கழுவி, அந்நீரைத் திருப்பொருள் அறையில் அதற்கென உள்ள வடிகுழியில் ஊற்ற வேண்டும் என்பதையும் பங்குத்தந்தை காட்டினார். "பாவம் செய்துவிட்டேனா?" என்று கேட்டவர் அன்று மூன்று முறை செய்து பார்த்துவிட்டு முன்வரிசையில் போய் அமர்ந்து செபித்தார்.

பீடச் சிறுவர் பயிற்சியில் சிக்கல் இல்லை. அவர்களை வழிநடத்தும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு விதியைக் கண்டிப்பாக்கினோம்: திருப்பொருள் அறையில் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும்.

இடையில் எழுந்த இரண்டு சிக்கல்கள்

வாசகத்துக்குப் பின் அரை நிமிட அமைதியை அக்டோபரில் தொடங்கினோம். யாரோ வர மறந்துவிட்டார் என்று மக்கள் நினைத்தார்கள். திரும்பிப் பார்த்தார்கள், இருமினார்கள். திருப்பலி நீண்டுவிட்டது என்ற முறையீடும் வந்தது. பங்குத்தந்தை ஒரு மறையுரையில் அந்த அமைதியின் பொருளை விளக்கிய பிறகே அது நிலைபெற்றது. விளக்கிவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்றும் எனக்கு உறுத்துகிறது. பட்டியலில் மூத்த வாசகர் ஒருவர் இருந்தார். எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கடிதம் அவருக்கும் போயிற்று. ஞாயிறன்று கோவில் வாசலில் என்னைப் பார்த்து, "இத்தனை ஆண்டுகள் வாசித்தவனுக்குப் பயிற்சி, இல்லாவிட்டால் முறை கிடையாது. நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு புதன்கிழமைகள் வந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை. நவம்பர் முதல் அவர் குடும்பம் வேறு பங்கில் திருப்பலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம். பங்குத்தந்தை நேரில் போகலாம் என்று சொன்னார். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக்கால வேலை முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

விளைவு

புதிய வழிபாட்டு ஆண்டு தொடங்கும் திருவருகைக்கால முதல் ஞாயிறன்று பணியாளர்களுக்குச் சபைமுன் ஆசி வழங்கப்பட்டது. வாசகர் 14 பேர், நற்கருணை வழங்குவோர் 6 பேர். எண்ணிக்கை குறைந்ததால் முதல் மாதங்களில் ஒரே ஆள் அடுத்தடுத்த வாரம் வாசிக்க வேண்டியிருந்தது.

ஆசி வழங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. பெண்கள் வாசகர்களாகச் சட்டப்படி ஏற்படுத்தப்படுகிறார்களா என்று சிலர் கேட்டார்கள். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றி, ஆயர் சடங்குமுறையில் ஏற்படுத்தும் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். எங்கள் பங்கில் நடந்தது அது அன்று. இங்குள்ளவர்கள் ஆணும் பெண்ணும் குறிப்பிட்ட காலத்துக்குப் பணி ஒப்படைக்கப்பட்ட வாசகர்கள். இந்த வேறுபாட்டை முன்பே சொல்லாததால் தேவையற்ற எதிர்பார்ப்பு உண்டாகியிருந்தது.

பெந்தக்கோஸ்து நாளில் இறங்கிப்போன பெண்மணியைப் பார்க்க அக்டோபரில் நானும் வாசகர் குழுவின் மூத்த பெண் ஒருவரும் போனோம். மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வாசிக்க மாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். நாங்கள் வற்புறுத்தவில்லை. எழும்போது, "நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக ஆள் வேண்டுமா அக்கா?" என்று உடன் வந்தவரிடம் கேட்டார். ஜனவரியில் அந்தப் பயிற்சியை முடித்தார்: நற்கருணைச் சிமிழைப் பெற்றபின் வேறெங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போவது, நோயாளியுடன் சேர்ந்து செபித்து இறைவார்த்தையின் ஒரு சிறு பகுதியை வாசிப்பது, விழுங்க முடியாதவருக்குச் சிறு துண்டு மட்டும் கொடுப்பது, நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் நோன்பு கட்டாயமில்லை என்று சொல்லி அவர்கள் தயக்கத்தைப் போக்குவது. ஒப்புரவு அருளடையாளமும் (பாவசங்கீர்த்தனம்), நோயுற்றோருக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலும் அருள்பணியாளரால் மட்டுமே ஆகும் என்பதால், அந்த விருப்பம் நோயாளியின் பேச்சில் தென்பட்டால் அன்றே தெரிவிக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்லியிருந்தோம். தவக்காலத்தில் ஒரு மாலை அவர் பங்குத்தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த வீட்டில் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆசைப்படுகிறார், கேட்கக் கூச்சப்படுகிறார்" என்றார். பங்குத்தந்தை அன்றிரவே போனார். அந்த முதியவர் அடுத்த வாரம் இறந்தார். படுக்கையருகே அமர்ந்து திருப்பாடல் வாசிக்கும்போது அந்தப் பெண்மணியின் குரலில் தடுமாற்றமே இல்லை என்று அந்தக் குடும்பத்தார் எனக்குச் சொன்னார்கள்.

மறு ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவில் கல்லூரி மாணவர் வாசித்தார். கப்பதோக்கியாவும் பம்பிலியாவும் தெளிவாக வந்தன. பாடகர் குழுவின் இளையோர் இருவர் அதற்குள் புதன்கிழமைக் குழுக்களில் சேர்ந்திருந்தார்கள். வராதவருக்கு மாற்றாக ஒவ்வொரு திருப்பலிக்கும் ஒருவரை முன்கூட்டியே தயாராக வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில் யார் கையிலும் புத்தகத்தைத் திணிப்பதில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கடிதம் அனுப்பியிருக்கக் கூடாது. 30 பேர் கொண்ட பட்டியல். ஒருவர் வீட்டுக்கு ஒரு மாலை என்றால் ஒரு மாதத்தில் எல்லாரையும் நேரில் பார்த்திருக்கலாம். நீண்டகாலம் பணியாற்றியவர்களைப் பயிற்சி பெறுவோராக அழைப்பதற்கு முன், கடைசி இருக்கையில் அமர்ந்து கேட்டுச் சொல்லும் பொறுப்பை முதலில் அவர்களிடம் கொடுத்திருக்க வேண்டும். குறை எங்கே என்பதை அவர்கள் காது எனக்கு முன்பே பிடித்திருக்கும்.

வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலைப் பாடுவோரை இந்த முயற்சியில் நாங்கள் சேர்க்கவில்லை. பாடகர் குழு தனி என்று விட்டுவிட்டோம். அதில் பாடப்படும் திருப்பாடலும் இறைவார்த்தையே; அதே புதன்கிழமையில் பாடுபவரும் உடனிருந்திருந்தால் வாசகத்துக்கும் பல்லவிக்கும் உள்ள உறவு அவர்களுக்குப் புரிந்திருக்கும். இந்த ஆண்டு அதைத் தொடங்கியிருக்கிறோம்.

மூத்த வாசகரின் வீட்டுக்கு நானும் பங்குத்தந்தையும் போனது, கடிதம் அனுப்பிப் பத்து மாதம் கழித்து. கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டபோது தலையை மட்டும் அசைத்தார். வாசிப்பதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. அவருடைய துணைவியாருக்குக் குளிர்காலம் முதல் நடக்க முடியாமல் போயிருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு, நற்கருணை கொண்டுபோகும் வீடுகளின் பட்டியலில் அந்த வீட்டையும் சேர்த்தோம்.